சமர்த்தாகிவிட்ட நீலக்கோடு

"ஏய், எங்கடா போற? உன்ன யாரு அந்தப் பக்கம் போகச் சொன்னது?"

கம்ப்யூட்டர் திரையில் ஊரும் நீலக்கோட்டைத்தான் சுப்புலக்ஷ்மி இப்படி அதட்டிக்கொண்டிருப்பார். பக்கத்து மேசைக்காரர்கள் நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. ஏசி குளிருக்குக் கணவரின் பழைய ஸ்வெட்டர். அதன் பை நிறைய வறுத்த வேர்க்கடலை. எரிச்சல் ஏற ஏற, கடலைத்தோல் கீபோர்டுக்குள் உதிரும்.

ஆம்பூர்க்காரர். ஆஸ்டின் டவுனில் வாடகை வீடு, ஊருக்கு வெளியே ஆராய்ச்சிக்கூட வேலை. நமக்கு எண்பது கிலோமீட்டர் மேலே, காற்றலைகள் வாயுக்களை எப்படிக் கொண்டுசேர்க்கின்றன என்று கணக்குப் போடுகிறார். யாரிடம் சொன்னாலும் ஒரே கேள்விதான். வீட்டுக்கார சந்திரம்மா காலையில் துணிவாளியோடு படிக்கட்டில் மறித்துக் கன்னடத்தில் கேட்பார்.

"மேடம், மளெ பருத்தா?"

"மழையெல்லாம் கீழயே நின்னுடும் சந்திரம்மா. நான் பாக்கறது அதுக்கும் ரொம்ப மேல."

"மேலருந்து பாத்தா இன்னும் நல்லா தெரியுமே!"

அன்றைக்கு பஸ் ஏறும்வரை சுப்புலக்ஷ்மி முணுமுணுத்துக்கொண்டே போவார்.

ஆபீஸிலும் நிம்மதி கிடையாது. அலை வந்தாலே வாயுவை அள்ளிக்கொண்டு போய்விடும் என்று புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். "அள்ளாதுப்பா! மேல தூக்கும், கீழ எறக்கும், பழைய எடத்துலயே விட்டுட்டுப் போயிடும். அலை ஒடஞ்சாதான் கலக்கும். இல்லன்னா, மேல போன நேரத்துல வாயு வேற ஒண்ணா மாறிடணும்." இதை எத்தனை முறை சொன்னாரோ, அவருக்கே அலுத்துவிட்டது.

போன மாதம், அவர் கணக்கின் விடையான அந்த நீலக்கோடு, செயற்கைக்கோள் அளந்து தந்த கோட்டின்மேல் அச்சாகப் போய் உட்கார்ந்தது. ஓசோனைத் தின்னும் நைட்ரிக் ஆக்சைடு வாயு எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதற்கு விடை கிடைத்துவிட்டதாக எல்லோரும் கைகுலுக்கினார்கள். குழுத்தலைவர் ஜெயராமன் மைசூர்பாகு வாங்கிவந்தார். சுப்புலக்ஷ்மி மட்டும் அதைக் கையில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தார். "இது இவ்ளோ சமர்த்தா இருந்ததே இல்லையே."

தோண்டிப் பார்த்தார். அலை உடைவதால் வரும் கலப்பு, கணக்கில் இரண்டு இடத்தில் சேர்ந்திருந்தது. இரண்டையும் எழுதியவர் அவரேதான். தலையில் அடித்துக்கொண்டு ஒன்றை நீக்கினார். கோடு முறைத்துக்கொண்டு தள்ளிப்போனது.

"ரிவ்யூ முடியட்டுமே மேடம். அப்புறம் மெதுவா திருத்திக்கலாம்," என்றார் ஜெயராமன். "இது சரியில்லன்னு தெரிஞ்சா, பணம் தர்ற டெல்லிக்காரங்க புராஜெக்டையே நிறுத்திடுவாங்க."

"அதுக்குள்ள நாலு பேரு இத நம்பி அவங்க கணக்குல போட்டுக்குவாங்க சார். அப்புறம் நான் எவன் எவன் பின்னாடி ஓடுறது?"

ரிவ்யூ அன்று, தள்ளிப்போன அந்த நீலக்கோட்டையே ப்ரொஜெக்டரில் சுவரில் காட்டினார். டெல்லியிலிருந்து வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெயராமன் குனிந்து கிசுகிசுத்தார்: "கிராஃப் ஸ்கேலையாவது மாத்துங்க மேடம். இடைவெளி ரொம்பப் பெருசா தெரியுது."

"ஐயோ, சார்…"

சுப்புலக்ஷ்மி ஸ்வெட்டர் கையை மடித்துவிட்டு கீபோர்டை இழுத்தார். இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருந்த வெள்ளை இடத்தைப் பெரிதாக்கினார், இன்னும் பெரிதாக்கினார். அது சுவரை அடைத்துக்கொண்டு நின்றதும், தன் தலை மறைக்காதபடி நாற்காலியை ஓரமாக நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார்.