குபேந்திரன் வீட்டுக் கிணறு

கேன் தண்ணீரில் வெந்த பருப்பு இன்றைக்கு நன்றாக மலர்ந்திருந்தது. குக்கரைத் திறந்ததும் வந்த வாசனை குபேந்திரன் வீட்டு வாசனை. சாப்பிட உட்கார்ந்த எனக்குப் பசியைவிடப் பொறாமைதான் முதலில் கிளம்பியது. இந்த வயதிலும்.

பேரையூர்ப் பக்கத்திலிருந்து நாங்கள் வில்லாபுரத்துக்குக் குடிவந்தபோது எங்கள் போரில் வந்தது உப்புத் தண்ணீர். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. ஒரே ஒரு சுவருக்கு அந்தப் பக்கம், குபேந்திரன் வீட்டுக் கிணற்றிலோ இளநீர் மாதிரித் தண்ணீர். சௌராஷ்டிரக் குடும்பம், ஜவுளி வியாபாரம். அவன் என் வகுப்புதான். அவன் முடி மினுமினுக்கும். என் தலை தேங்காய் நார். கணக்கில் அவன் என்னை முந்தியதற்கும் அந்தத் தண்ணீரே காரணம் என்று நம்பினேன். இப்போதும் முழுசாக நம்பாமல் இல்லை.

குடிதண்ணீருக்குத் தெருவே அங்கே போகும். "எடுத்துக்கங்கக்கா, ஊத்துத் தண்ணிதானே" என்பார் குபேந்திரனின் அம்மா. என் அம்மா சிரித்துக்கொண்டே நிறைத்து வந்து, வீட்டுக்குள் குடத்தை இறக்கியதும் பொருமுவாள். "மகராசி, குடுத்து வச்சவ. நமக்கு மட்டும் மண்ணுல உப்பக் கொட்டி வச்சிருக்கான் சாமி."

பிறகு தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. குபேந்திரன் வீட்டில் மாடி கட்டினார்கள், மாடியிலேயே குளியலறை, கக்கூஸ். தெருவில் அப்போது சாக்கடைக் குழாய் கிடையாது. கொத்தனார் யோசனை சொன்னார்: "கெணறு சும்மாதான கெடக்குண்ணே? கக்கூஸ் குழாய அதுல எறக்கிருவோம். குழி வெட்டுற வேல மிச்சம்."

இறக்கினார்கள். கான்கிரீட் மூடியும் போட்டார்கள். கிணறு இருந்த வேறு சில வீட்டுக்காரர்களும் வந்து பார்த்துவிட்டுப் போய் அதையே செய்தார்கள். என் அப்பாவுக்கு அதிலும் பொறாமை. "பாருடா, அவுகளுக்குக் கக்கூஸ் குழிகூட ரெடியா இருக்கு!"

அந்த ஐப்பசி மழைக்குப் பின் எங்கள் போர்த் தண்ணீர் நாற ஆரம்பித்தது. உப்பு மட்டும் இருந்த காலம் எவ்வளவு நல்ல காலம் என்று அப்போதுதான் தெரிந்தது. தெருவில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. அந்த நேரம் பார்த்துத் தெருவின் குடிதண்ணீர்க் குழாயும் உடைந்தது. அம்மா பழக்கதோஷத்தில் குடத்தோடு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். குபேந்திரனின் அம்மா வாசலிலேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றாராம்.

"இனி ஆகாதுக்கா."

வெறுங்குடத்தோடு திரும்பிய அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். "எங் கண்ணுதேன்டா பட்டுருச்சு. அம்புட்டு வயிறெரிஞ்சேனே!"

"கண்ணு இல்லம்மா, கக்கூஸ் குழாய்" என்றேன். அவள் காதில் வாங்கவில்லை. உப்பையும் மிளகாயையும் அள்ளிக்கொண்டு போய், அந்த கான்கிரீட் மூடியைச் சுற்றிவந்து திருஷ்டி கழித்தாள். குபேந்திரனின் அம்மாவும் தடுக்கவில்லை. பக்கத்திலேயே நின்று கும்பிட்டார்.

இப்போது அந்தத் தெருவில் எல்லா வீட்டு நிலத்தடித் தண்ணீரும் ஒன்றுதான். யாரும் வாயில் வைப்பதில்லை. பொறாமைப்படுவதற்குக்கூட ஒரு வீட்டில் நல்ல தண்ணீர் மிச்சமில்லை.