கார்போக எண்ணெயும் கரியாலூர் அக்காவும்

போன வருடம் மழைக்காலம் தொடங்கிய நேரம். கள்ளக்குறிச்சியில் ஒரு தோல் மருத்துவரின் கிளினிக்கில், ஒளி சிகிச்சை அறைக்கு வெளியே என் முறைக்காக உட்கார்ந்திருந்தேன்.

எனக்குக் கைகளில் வெண்புள்ளி. முகத்தில் வந்தது களிம்பிலேயே மறைந்துவிட்டது. விரல்களில் மட்டும் எந்த மருந்துக்கும் அசையவில்லை. ரிஷிவந்தியத்தில் சின்னதாக டிபன் கடை நடத்துகிறோம். "பார்சலை உங்க வூட்டுக்காரரையே கட்டச் சொல்லுங்க" என்று ஒருவர் சொன்ன நாளிலிருந்து நான் அடுப்படியை விட்டு வெளியே வருவதையே நிறுத்தியிருந்தேன். இது தொற்றாது என்று எத்தனை பேரிடம் சொல்வது?

மருத்துவர் ஒரு வழி சொன்னார். முதலில் லேசரால் வெள்ளைத் திட்டுகளில் பொடிப்பொடியாகத் துளை போடுவது. அது ஆறியதும் புற ஊதா ஒளி காட்டுவது. இரண்டையும் சேர்த்துச் செய்தால் பிடிவாதமான இடத்திலும் நிறம் வரலாம், உறுதி சொல்ல முடியாது என்றார். வேறு எதையும் தடவக் கூடாது என்று கண்டிப்பாகவும் சொல்லியிருந்தார்.

லேசர் முடிந்து, புண் ஆறி, முதல் ஒளிக்குக் கிளம்பிய காலையில் என் மாமியார் ஒரு கிண்ணத்தோடு வந்தார். வெண்புள்ளிக்கு நாட்டு வைத்தியத்தில் சேர்க்கும் கார்போக அரிசி என்ற விதையைப் போட்டு அவரே காய்ச்சிய எண்ணெய். "மூலிகதானேம்மா, இன்னா பண்ணிடப் போவுது?" என்று ஒவ்வொரு விரலாகத் தேய்த்துவிட்டார். எனக்காக அடுப்பருகே நின்று காய்ச்சியவரிடம் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

கிளினிக்கில் என் பக்கத்தில் கரியாலூரிலிருந்து வந்த ஒரு அக்கா. அவருக்குக் காலில் வெண்புள்ளி. சிகிச்சை முடிந்து, மலைக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க எழுந்தவர், சட்டென்று நின்று மோந்து பார்த்தார்.

"கையில இன்னா தடவிக்கினு வந்திருக்கீங்க? கார்போக எண்ணெயா?"

தலையாட்டினேன்.

"ஐயையோ, இதோட உள்ள போவாதீங்க!"

அத்தனை பேர் உட்கார்ந்திருந்த இடத்தில் புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் காட்டினார். வெந்து ஆறிய பளபளப்பான தழும்பு. "இதே எண்ணெயதான் தடவிக்கினு கொல்லியில களையெடுத்துக்கினு நின்னேன். வெயிலுக்கே இந்தக் கதி. லைட்டு சும்மா வுடுமா?"

அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டார்கள். "கழுவிட்டுப் போயிடறேன்" என்றேன். மருத்துவர் திட்டுவாரே என்ற பயம்.

அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "கழுவினா போவாதுங்க, தோல்ல எறங்கியிருக்கும். டாக்டராண்ட சொல்லுங்க. நான் கூட வரேன்."

மருத்துவர் வேறு நோயாளியைப் பார்த்து முடிக்க வெகுநேரமானது. அக்காவின் பஸ் போயே போய்விட்டது. அவர் அசையவில்லை. விஷயம் கேட்ட மருத்துவர் திட்டவில்லை, பதறினார். அந்த எண்ணெயோடு ஒளி பட்டிருந்தால் விரல்கள் வெந்து, சிகிச்சையே பாழாகியிருக்கும் என்றார். அன்றைய ஒளியை நிறுத்தி, கைகளில் வெயில் படாமல் போகச் சொன்னார். வெளியே மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. அக்கா தன் பையிலிருந்த துண்டை எடுத்து என் இரண்டு கைகளையும் சுற்றி, ரிஷிவந்தியம் பஸ்ஸில் ஏற்றிவிட்ட பிறகுதான் தன் அடுத்த பஸ்ஸைத் தேடிப் போனார்.

அன்று காலையில் வரும்போது பஸ் ஜன்னலோரம் வெயில் பட்ட ஒரு விரலில் மட்டும் இரண்டு நாளில் கொப்புளம் வந்தது. அதைப் பார்த்து மாமியார் அழுத அழுகை! அவரைத் தேற்றுவதே எனக்குப் பெரும்பாடாகிவிட்டது.

கொப்புளம் ஆறியபின் மருத்துவர் மறுபடி தொடங்கினார். சில மாதங்களில் விரல்களின் மேல்பக்கத்தில் மிளகுத்தூள் தூவியதுபோல் பழுப்புப் புள்ளிகள் வந்து, மெல்லப் பரவிச் சேர்ந்தன. நுனிகள் இன்னும் வெள்ளைதான்.

யாருக்கும் காட்டக் கூசும் தழும்பை, முன்பின் தெரியாத எனக்காக நடுக்கூடத்தில் காட்டிய அந்த அக்காவை நினைக்கும்போதெல்லாம், என் கைகளை நான் இத்தனை வருடம் எதற்காக ஒளித்தேன் என்றுதான் தோன்றுகிறது.