வில்வ மரத்துப் புழுக்கள்

தர்மாம்பாள் போனபோது அவளோடு கருவறையும் போயிற்று கபாலி குருக்களுக்கு. மனைவியை இழந்தவர் சுவாமியைத் தொட்டுப் பூஜை செய்வதில்லை என்பது அவர்கள் குடும்பங்களின் வழக்கம். முப்பத்தெட்டு வருடம் அண்ணாமலையாருக்கு அபிஷேகம் செய்த கைகள் வீட்டில் சும்மா கிடந்தன. முதல் வருஷத் திதியான வருஷாப்திகம் முடிந்ததும் பூஜை முறை மகன் அருணேஷுக்கு வந்தது. அவருக்கு மிஞ்சியது கொல்லையிலிருந்த வில்வ மரம்தான். பிரதோஷத்துக்குப் பிரதோஷம் இலை பறித்து, மூன்று இதழும் முழுசாக இருப்பதைப் பொறுக்கி, மகனிடம் கூடையில் கொடுத்தனுப்புவார். அந்தக் கூடையோடு தானும் சன்னிதிக்குள் போய்வருவதாக அவருக்கு ஒரு நினைப்பு.

ஆவணியில் கூடை நிறையவில்லை. பாதிக்கு மேல் கடிபட்ட இலை. பூச்சி தின்ற வில்வத்தை அர்ச்சனைக்கு எடுப்பதில்லை. சனிப் பிரதோஷத்துக்கு நான்கு நாள் இருக்கையில் அருணேஷ் ஒரு பாட்டில் பூச்சிமருந்து வாங்கிவந்தான்.

"ஒரு தடவை அடிச்சா போறும்ப்பா. வேண்டாம்னா சொல்லுங்கோ, வெளியில வாங்கிக்கறேன்."

மருந்தடித்த இலையைச் சுவாமி தலையில் வைக்க மனம் வரவில்லை. வெளியில் வாங்க ஆரம்பித்துவிட்டாலோ, பிறகு மரமும் வேண்டியதில்லை, தானும் வேண்டியதில்லை. மரத்தடியில் ஸ்டூலைப் போட்டு ஏறினார்.

மருமகள் ஹைமவதி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். சில இலைகளுக்குப் பக்கத்தில் போனதும் அவர் கையை இழுத்துக்கொள்வதைப் பார்த்து, ஏன் என்று கேட்டாள். காக்கா எச்சம், மடியாக இருக்கும்போது தொடக் கூடாது என்றார்.

"எச்சம் இல்லப்பா, புழு. சின்னதுல அப்படித்தான் இருக்கும். அம்மா தினம் காலம்பற ஒண்ணொண்ணா எடுத்து அந்த எலுமிச்சை மரத்துல விடுவா. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. அவர் கண்டதெல்லாம் கழுவி வைத்த இலைதான். எச்சம் எச்சம் என்று விலகி, இத்தனை நாளும் அவற்றை நன்றாக வளர்த்துவிட்டிருந்தார்.

அன்றே எடுக்கத் தொடங்கினார். பெரிய பச்சைப் புழு ஒன்று, விரல் பட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பை நீட்டியது. அழுகிய எலுமிச்சையைப் போல ஒரு நாற்றம். அது அவருக்குப் பழகிய நாற்றம். விடியற்காலையில் தர்மாம்பாள் காபி டம்ளரை நீட்டும் கையில் இருக்கும். கையை ஒழுங்காக அலம்பத் தெரியாதா என்று எத்தனை நாள் சிடுசிடுத்திருக்கிறார். அவள் காரணம் சொன்னதில்லை. திரும்பிப் போய் அலம்பிக்கொண்டு வருவாள்.

இறங்கி, அந்தப் புழுவை எலுமிச்சை மரத்தில் கொண்டுபோய் விட்டார்.

எலுமிச்சை அழகி என்று அந்தப் புழுவிலிருந்து வரும் வண்ணத்துப்பூச்சிக்குப் பெயர் என்பதை ஹைமவதி போனில் பார்த்துச் சொன்னாள். கறுப்பும் வெளிர்மஞ்சளுமாக அவை மறுபடியும் வில்வத்துக்கே முட்டையிட வந்தன. எலுமிச்சையில் பாதி இலை போய்விட்டது.

"இது முடியவே முடியாதுப்பா," என்றான் அருணேஷ்.

"அவளுக்கும் முடிஞ்சதில்லைடா."

மருந்து பாட்டிலைக் கடையிலேயே திருப்பிக் கொடுக்கச் சொன்னார்.

சனிக்கிழமை கால் கூடை இலைதான் தேறியது. குறைந்ததை வெளியில் வாங்கிக்கொள்ளும்படி அவரே சொன்னார். அருணேஷ் இரண்டையும் எடுத்துப் போனான். மாலையில் கபாலி கூட்டத்தோடு கூட்டமாக வெளியே நின்றார். தீபாராதனை வெளிச்சத்தில் எது தன் வீட்டு வில்வம் என்று அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை. பக்கத்திலிருந்த அம்மாள் கொஞ்சம் நகரச் சொன்னாள். நகர்ந்து நின்று கைகூப்பினார்.