டெங்கிப் புகையும் சூரியக் கேமராவும்

“வியாழன், மாலை. கிளீன்ரூமில் டீசல் வாடை. சேம்பர் கதவு திறந்திருக்கிறது.” மலேசியாவின் ரவாங்கில், தூசி புகாத அறையான கிளீன்ரூம் கொண்ட எங்கள் ஆய்வகத்தின் பணிப்பதிவில் நான் எழுதிய வரி இது.

அப்போது வெற்றிட சேம்பருக்குள் ஒரு டிடெக்டரைப் பொருத்திக்கொண்டிருந்தோம். விண்கலத்திலிருந்து சூரியனைப் புற ஊதாக் கதிரில், அதாவது யூவியில், படமெடுக்கும் கேமராவுக்கு அதுதான் கண். சோதித்து அனுப்புவது எங்கள் வேலை. மறுநாளே அனுப்புவதாக மேலாளர் சிவனேசன் வாடிக்கையாளரிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

கதவை மூடச் சொல்லிவிட்டு வெளியே ஓடினேன். எங்கள் ஏர்கான் காற்றை இழுக்கும் இடத்துக்கு நேர் கீழே ஒருவர் டீசலில் மருந்து கலந்த கொசுப்புகை அடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, இந்தப் பக்கம் அடிக்காதீங்க.”

“கேட்டுல கார்ட் ஹவுஸ்ல நோட்டீஸ் ஒட்டியாச்சு லா. டெங்கி வந்தா மட்டும் எங்களத்தான் ஏசுவீங்க.”

நோட்டீஸ் இருந்தது. எங்களில் யாரும் படிக்கவில்லை.

ஏர்கான் காற்றை வடிகட்டும் ஹெப்பா ஃபில்டர் தூசியைத் தடுக்கும். எண்ணெய் ஆவியைத் தடுக்காது. உள்ளே வந்ததும் சிவனேசன் கேட்டார்:

“யூவி லேம்ப் போட்டுப் பாத்துருவோமா? கெட்டிருந்தா உடனே தெரிஞ்சிரும்.”

“ஆவி படிஞ்சிருந்தா இப்பகூடக் காப்பாத்தலாம் பாஸ். யூவி பட்டா அப்படியே இறுகி ஒட்டிக்கும். அப்புறம் எடுக்க முடியாது.”

“அப்ப எப்படித்தான் பாக்குறது?”

“இப்ப பாக்கக் கூடாது. வெற்றிடத்துல லேசா சூடு காட்டுவோம். ஆவி கிளம்பிப் பக்கத்துல இருக்கற குளிர்ந்த தகட்டுல படியட்டும்.”

“கிளையண்ட்கிட்ட என்ன சொல்ல? கொசுவுக்குப் புகை போட்டாங்கன்னா?”

“அதையேதான் சொல்லுங்க.”

சிவனேசன் போனை எடுத்துக்கொண்டு காரிடாருக்குப் போனார். கண்ணாடிக் கதவு வழியாக அவர் ‘சாரி’ சொல்வது மட்டும் கேட்டது.

வார இறுதி முழுக்க வெற்றிடத்தில் சூடு காட்டினோம். திங்களன்று, டிடெக்டரில் எது படிந்தாலும் தன்மேலும் படிந்து காட்டிக்கொடுக்க, ஆரம்பத்திலிருந்தே பக்கத்தில் வைத்திருந்த சாட்சிக் கண்ணாடியை முதலில் அளந்தோம். சுத்தம். அதன் பிறகே டிடெக்டருக்கு லேம்ப் போட்டோம். வேலை செய்தது. மிகக் குறுகிய அலைநீளத்தில் மட்டும் உற்பத்தியாளர் கொடுத்த அளவைவிடச் சற்றுக் குறைவு, அனுமதித்த வரம்புக்குள்தான். வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டார். சிவனேசன் கையெழுத்திட்டு அனுப்பினார்.

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பொருள் கைக்கு வந்ததும், வேறெதுவும் செய்யுமுன் ஒரு முறை அளந்து வையுங்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை. அதனால் அந்தச் சிறு குறைவு புகையால் வந்ததா, வரும்போதே இருந்ததா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.