கிரைண்டர் நின்ற இடம்

டெல்பர்ட் கிரப்ஸ் ஓர் ஆரம்ப சூரன். எண்ணெய்க் கிணற்று ஊரான ஆயில்டேலில் இதை யாரும் முதுகுக்குப் பின்னால் சொல்வதில்லை. முகத்துக்கு நேராகவே சொல்வார்கள், அவனும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவான். அவன் அடித்த வேலி வீட்டுக்கு முன்பக்கம் மட்டும் நிற்கிறது. சுவருக்கு வண்ணம் பூசினால் ஏணி எட்டும் வரைக்கும் மஞ்சள், அதற்கு மேலே பழைய பச்சை. கல்லூரிக்கும் கொஞ்ச நாள் போய்ப் பார்த்தான். கல்யாணமாவது கடைசிவரை ஓடும் என்று ஊர் நினைத்தது. "இதையும் நீ பாதியிலதான் விட்டே" என்று சொல்லிவிட்டு, மனைவி கோனி தன் துணிமணிகளை எடுத்துக்கொண்டு ஃபிரெஸ்னோவுக்குப் போய்விட்டாள். இப்போது நாற்பத்தாறு வயதில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறான், அம்மா வீட்டுக் கொல்லையில் நிற்கும் டிரெய்லர் வீட்டில் குடியிருக்கிறான். பேருந்தை ஒருநாளும் பாதி வழியில் விட்டுவிட்டு வந்ததில்லை, அதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

அவன் அம்மா நெல்டா இதற்கு நேர்மாறு. பள்ளிக்கூடச் சமையலறையில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவள். கடைசித் தட்டு கழுவிக் காய்ந்து அடுக்கில் ஏறாமல் விளக்கை அணைக்கமாட்டாள். அவள் புருஷன் கொல்லையில் ஒரு பட்டறை வைத்து வண்டிகள் பழுது பார்த்தான். ஒருநாள் அவன் வீட்டைவிட்டுப் போய்விட்டான், வெல்டிங் மெஷின் தங்கிவிட்டது. "ரெண்டுல எது உருப்படியோ அது நின்னுச்சு" என்பாள் நெல்டா. அந்த மெஷினில் தானே பழகி, அக்கம்பக்கத்துக் கேட்டுகளையும் எண்ணெய்க் கிணற்றுக்காரர்களின் டிரெய்லர் கொக்கிகளையும் பற்றவைத்துக் கொடுத்தாள். அவள் வைத்த பற்று விட்டுப்போனதாக யாரும் திரும்பி வந்ததில்லை.

பட்டறை மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு வண்டி கிடந்தது. முப்பத்து நாலாம் வருஷத்து ஃபோர்டு, இரண்டு கதவு கூப்பே. நெல்டா பத்தொன்பது வயதில் பருத்தி எடுத்த கூலியைச் சேர்த்து, ஒரு பண்ணைக்காரனிடமிருந்து தன் பெயரிலேயே வாங்கியது. ஹாட் ராட் கட்ட வேண்டும் என்பது அவளுக்கு அப்போதே ஆசை. அதாவது, பழைய வண்டியின் கூரையை இறக்கி, பெரிய எஞ்சின் போட்டு, தெருவே திரும்பிப் பார்க்க ஓட்ட வேண்டும். புருஷன் "பொம்பளைக்கு எதுக்கு இது" என்றான். அப்புறம் டெல்பர்ட் பிறந்தான். அப்புறம் சமையலறை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் தார்ப்பாயை இழுத்துப் போட்டுவிட்டு, டிரெய்லர் கதவைத் தட்டினாள்.

"எந்திரிடா. வண்டி கட்டப்போறோம்."

"எந்த வண்டிம்மா?"

"உனக்கு மூத்தது ஒண்ணு பட்டறையில கிடக்குல்ல, அது."

அன்றிலிருந்து சனிக்கிழமை என்றால் இரண்டு பேரும் பட்டறையில்தான். கூரையை இறக்கிய நாளில் டெல்பர்ட் ரம்பத்தை எடுத்து எடுத்துக் கீழே வைத்தான். கூரையைத் தாங்கும் நல்ல தூண்களை அறுத்து, நடுவில் நாலு விரல் உயரம் எடுத்துவிட்டு, மேல் பாதியைத் திரும்ப உட்கார வைக்க வேண்டும்.

"வெட்டிட்டா வெட்டினதுதாம்மா. நல்லா யோசிச்சுக்கோ."

"அம்பது வருஷமா யோசிச்சாச்சு. ஒழுங்காப் பிடி, மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கோ."

ஹாட் ராட்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டியின் மினுக்கைப் பார்த்து யாரும் மயங்கமாட்டார்கள். சாயந்தரம் பர்கர் கடை வாசலில் வண்டிகள் கூடினால், வயிறு பெருத்த கிழவர்கள்கூட டார்ச் விளக்கோடு தரையில் மல்லாந்து வண்டிக்கு அடியில் நுழைவார்கள். பற்றவைத்த தழும்பு தெரிகிறதா, இரும்பு பிறந்தபோதே இப்படித்தான் இருந்ததா என்று தடவிப் பார்ப்பார்கள். நெல்டாவுக்கு அந்தக் கிழவர்களிடம் பேர் வாங்கியே ஆக வேண்டும். தான் எஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, பாடியைக் கழற்றிய பிறகு அடியில் நின்ற இரும்புச் சட்டத்தை, அதாவது சேஸை, தேய்த்து வழவழப்பாக்கும் வேலையை மகனிடம் கொடுத்தாள்.

"கண்ணுக்குத் தெரியற இடம், தெரியாத இடம், எல்லாத்தையும் தேய்ச்சிரு. ஒரு மேடு பள்ளம் இருக்கக்கூடாது."

என்ன அதிசயமோ, டெல்பர்ட்டுக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. முன்பக்கத்தில் ஆரம்பித்தான். இரும்பு தேய்க்கும் கிரைண்டரின் சத்தத்தில் கோனியும் மறந்துபோனாள், பேருந்துப் பிள்ளைகளின் கூச்சலும் மறந்துபோனது. ஸ்டியரிங் பக்கத்து இரும்பில் ஏதோ கீறலும் புள்ளியுமாக அசிங்கமாக இருந்தது. அந்த இடத்துக்குத் தனிக் கவனம் கொடுத்துக் கண்ணாடி மாதிரி ஆக்கினான். அடுத்த வீட்டு ஹாய்ட் வந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தான்.

"டெல்பர்ட்டு, இத நீயா செஞ்சே? பைபிள் மேல சத்தியம் பண்ணு பார்ப்போம்."

ஆனால் பழைய குணம் எங்கே போகும்? பின்பக்கம் போகப் போக வெயில் ஏறியது, கிரைண்டர் தகடும் தேய்ந்துபோயிற்று. புதுத் தகடு வாங்க ஊருக்குள் போக வேண்டும். பாடி மேலே உட்கார்ந்துவிட்டால் யார் பார்க்கப்போகிறார்கள் என்று நிறுத்திவிட்டான். "முடிச்சியாடா?" என்று நெல்டா சமையலறை ஜன்னலிலிருந்து கேட்டாள். "முடிச்சாச்சும்மா" என்றான். உடனே பிரைமர் அடித்து எல்லாவற்றையும் ஒரே சாம்பல் நிறமாக்கினான். அடுத்த சனிக்கிழமை பாடியை இறக்கி, போல்ட் போட்டு முடுக்கிவிட்டார்கள்.

வண்டி தயாரானதும், நம்பர் பலகை வாங்குவதற்காக இழுவை டிரெய்லரில் ஏற்றிச் சோதனைக்குக் கொண்டுபோனார்கள். நெல்டா முடி சுருட்டி, தேவாலயத்துக்குப் போகும் நீலச் சட்டை போட்டிருந்தாள். சோதனை அதிகாரி இபார்ரா மரியாதையான மனிதர். வண்டியைச் சுற்றி வந்து, கூரையைப் பார்த்துப் புருவம் தூக்கிப் பாராட்டினார். பிறகு ஸ்டியரிங் பக்கம் குனிந்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

"சேஸ் நம்பர் எங்கம்மா?"

அந்தக் கீறலும் புள்ளியும் இரும்பில் அடித்திருந்த நம்பர் என்று டெல்பர்ட்டுக்கு அந்த நிமிஷம்தான் புரிந்தது.

"அத விட்டுட்டுத் தேய்க்கணும்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமேடா!" என்றாள் நெல்டா.

"எல்லாத்தையும் தேய்னுதானேம்மா சொன்னே?"

"நம்பரைத் தேய்க்கிறவங்க திருடங்கதான்" என்றார் இபார்ரா. "ஆனா எந்தத் திருடனும் இவ்வளவு அழகாத் தேய்ச்சு நான் பார்த்ததில்ல." நெல்டா சிரிக்கவில்லை. அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "உங்க பேர்ல பழைய காகிதம் இருக்கும்மா, சரிதான். அந்தக் காகிதம் இந்த வண்டிக்குத்தான்னு இரும்பும் சொல்லணுமே. இந்த வண்டிகள்ல பாடிக்கு அடியில, சீட்டுக்கு நேரா இன்னொரு தடவ நம்பர் அடிச்சிருப்பாங்க. பாடியத் தூக்கி வைங்க, வியாழக்கிழமை நானே வீட்டுக்கு வந்து பார்க்கிறேன். அங்கயும் இல்லேன்னா வண்டிய எடுத்துக்கிட்டுப் போறதத் தவிர எனக்கு வேற வழி கிடையாது."

திரும்பி வந்து வீட்டு வாசலில் இறங்கும்போது நெல்டா சொன்னாள். "போச்சு. அங்கயும்தான் நீ தேய்ச்சுட்டியே."

உண்மையைச் சொன்னால் டெல்பர்ட்டின் பொய் வெளியே வரும். சொல்லாவிட்டால் அம்மா வண்டியை மனசுக்குள் இன்றைக்கே புதைத்துவிடுவாள். இரண்டையும்விட மோசமானது ஒன்று இருந்தது. எந்த இடத்தில் நிறுத்தினோம் என்பது அவனுக்கு எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது சோள ரொட்டி அடியில் கருகியிருந்தது. அம்மா ரொட்டியைக் கருக விட்டு அவன் பார்த்ததே இல்லை. அதைப் பார்த்ததும் அவனால் தாங்க முடியவில்லை.

"அம்மா, நான் முடிக்கல."

"பீன்ஸ் இன்னும் இருக்கு, போட்டுக்கோ."

"அது இல்லம்மா. சேஸு. தகடு தேஞ்சுபோச்சு, வெயில் வேற. பாடி மேல உக்காந்தா யாரு பாக்கப்போறாங்கன்னு விட்டுட்டேன்."

"முடிச்சேன்னு சொன்னே."

"சொன்னேன்."

"எது வரைக்கும் தேய்ச்சே?"

"அதுதாம்மா ஞாபகம் இல்ல."

நெல்டா கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் கோபம் வந்தது, கூடவே வேறு ஏதோவும் வந்தது, இரண்டும் இடம் பிடிக்கச் சண்டை போட்டன.

"நாப்பத்தாறு வருஷமா, ஆண்டவரே, இவன் ஒரு வேலையாவது முழுசா முடிக்கணும்னு ஜெபம் பண்ணியிருக்கேன். இப்ப முடிக்காம இருந்திருக்கணும்னு ஜெபம் பண்ண வெச்சுட்டியேடா, பாவி."

வியாழக்கிழமை ஹாய்ட் வந்தான். போல்ட்டுகளைக் கழற்றி, உத்தரத்தில் தொங்கிய சங்கிலிக் கப்பியில் பாடியை மாட்டி இழுத்தார்கள். கூப்பே மெல்ல மேலே எழுந்து அந்தரத்தில் ஆடியது. இபார்ரா முட்டி போட்டு உட்கார்ந்து, தின்னரில் நனைத்த துணியால் பிரைமரைத் துடைக்க ஆரம்பித்தார். நெல்டா ஏப்ரன் பைக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு நின்றாள்.

துடைத்த இடமெல்லாம் வழவழப்பு. இன்னும் கொஞ்சம் துடைத்தார், அங்கேயும் வழவழப்பு. டெல்பர்ட் வாழ்க்கையில் எத்தனையோ தடவை சோம்பேறி என்று திட்டு வாங்கியிருக்கிறான், ஆனால் தன் சுறுசுறுப்பை நினைத்து அவன் கூசியது அன்றைக்குத்தான். கொஞ்சம் முன்னாடியே நிறுத்தித் தொலைத்திருக்கக் கூடாதா? சீட்டு வரும் இடம் நெருங்கிவிட்டது. துணி சட்டென்று சொரசொரப்பில் சிக்கியது. கிரைண்டர் கோடு அங்கே நின்றிருந்தது. அதற்கு அப்பால் பழைய இரும்பு, பள்ளம் விழுந்து, துருத் தழும்போடு கிடந்தது. கோட்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி ஒரு சின்ன நட்சத்திரம்.

"நட்சத்திரம் இருக்கு" என்றார் இபார்ரா. "நம்பரோட ரெண்டு முனையிலயும் இப்படி ஒண்ணு அடிச்சிருப்பாங்க." டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து முதல் எண்ணைப் படித்தார், இரண்டாவதைப் படித்தார். மீதி எண்களை அவர் படிக்கும் முன்னால், நெல்டா நின்ற இடத்திலிருந்தே, இரும்பைப் பார்க்காமலே சொன்னாள். பத்தொன்பது வயதில் மனப்பாடம் செய்தது. அவள் சொல்லச் சொல்ல இபார்ரா விரலை நகர்த்திக்கொண்டே போய், கடைசி நட்சத்திரத்தில் நிறுத்தினார்.

"உங்க வண்டிதாம்மா" என்றார்.

டெல்பர்ட் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. ஹாய்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "உன் சோம்பேறித்தனத்துக்கு இந்த ஊர்ல ஒரு சிலை வைக்கணும்டா. இடுப்பு வரைக்கும் வெச்சாப் போதும்." அதிகாரியும் சிரித்துவிட்டார். நெல்டா மட்டும் சிரிக்கவில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள், அதை மறைக்கவும் இல்லை.

பாடியைத் திரும்ப இறக்கி முடுக்கி, நம்பர் பலகை வந்த சாயந்தரம் அம்மாவும் மகனும் ஏறினார்கள். கூரை தாழ்ந்திருந்ததால் டெல்பர்ட் தலையைச் சாய்த்துத்தான் உட்கார முடிந்தது. நெல்டா சாவியைத் திருப்பினாள். எஞ்சின் ஒரு தடவை இருமிவிட்டு உறுமியது, பட்டறைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. எண்ணெய்க் கிணறுகளுக்கு நடுவே போகும் ரோட்டில் ஏறியதும் மிதித்தாள். எதிரே வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்துக் கையைத் தூக்கினான். நெல்டா ராணி மாதிரி ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கிக் காட்டினாள்.

டெல்பர்ட்டுக்கு மனசு குறுகுறுத்தது. "அம்மா, அந்த மீதி இடம். அடுத்த சனிக்கிழமை பாடியத் தூக்கி, நம்பரை மட்டும் விட்டுட்டு, மத்ததத் தேய்ச்சு முடிச்சிடறேன். புதுத் தகடு வாங்கி வெச்சுட்டேன்."

"அதுல கைய வெச்சே, கைய ஒடிச்சிடுவேன்" என்றாள் நெல்டா. "பாதியிலயே இருக்கட்டும்டா. அதான் அழகு."

நாற்பத்தாறு வருஷத்தில் அம்மா அவனிடம் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. டெல்பர்ட் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அம்மா பார்க்காத மாதிரி இன்னும் கொஞ்சம் வேகமாக ஓட்டினாள்.