மாஸ்டர் நம்பாத ஊர்

அந்த வண்ணப் பட அட்டையை மாஸ்டர் முதலில் வெயிலில் பிடித்துப் பார்த்தார். பிறகு கட்டைவிரல் நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார். சாயம் ஒட்டுகிறதா என்று பார்க்கிறார் என்பது எங்களுக்குப் புரிந்தது. அட்டையைக் கொண்டுவந்த சென்னைக்காரருக்குப் புரியவில்லை. படத்தில் நீலமாக ஒரு நீச்சல் குளம், அதைச் சுற்றிச் சாய்வு நாற்காலிகள், பின்னால் பெரியதொரு ஓட்டல். ஓட்டலுக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை புல் பூண்டு இல்லாத பொட்டல். “இந்தக் கொளத்துக்குத் தண்ணி எங்கிட்டிருந்து வருது?” என்று மாஸ்டர் கேட்டார். சென்னைக்காரர் சிரித்தார். ஒரு மழை பொய்த்தால் கண்மாய் வெடித்துக் கிடக்கும் சீமைக்காரர்கள் நாங்கள். எங்களில் யாரும் சிரிக்கவில்லை.

மாஸ்டர் என்றால் பேண்டு மாஸ்டர். புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்த காலத்தில் அரண்மனை பேண்டில் அவர் மூத்தவர், நான் கிளாரினெட் வாசித்த இளையவன். சமஸ்தானம் இந்தியாவோடு இணையப்போகிறது என்ற பேச்சு எழுந்தபோது, “பேண்டு கலையாது, கவலைப்படாதீங்க” என்று கடைசி நாள்வரை யார் யாரோ சொன்னார்கள். நாற்பத்தெட்டில் பேண்டு கலைந்தது. அன்றிலிருந்து யாராவது “கவலைப்படாதீங்க” என்று சொன்னால் போதும், மாஸ்டர் கவலைப்படத் தொடங்கிவிடுவார். போக்கிடம் இல்லாத எங்களைத் திரட்டி, திருக்கோகர்ணத்தில் தன் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, கல்யாணத்துக்கும் மாதா கோயில் தேருக்கும் தேர்தல் ஊர்வலத்துக்கும் வாசிக்கிற பேண்டு செட்டாக ஆக்கியவர் அவர்தான். எந்த விருந்தில் அதிகமாக உபசரித்தாலும் “இம்புட்டு அன்பு எதுக்கு?” என்று என் காதருகே முணுமுணுப்பார். பல தடவை அவர் சந்தேகம் வீணாகத்தான் போயிருக்கிறது. ஆனாலும் அதை அவர் கைவிட்டதில்லை.

சென்னைக்காரர் கொண்டுவந்த சேதி இதுதான். அமெரிக்காவில் பாலைவனத்துக்கு நடுவே ஓர் ஊர். லாஸ் வேகாஸ் என்று பெயர். அங்கே ஓர் ஓட்டல்காரருக்குத் தலைப்பாகையும் நீளக் கோட்டும் போட்ட இந்திய பேண்டு ஒன்று வேண்டும்; செட்டில் இளையவர்களாகப் பாதிப் பேர் வந்தால் போதும். சாயங்காலம்தோறும் வாசலில் நின்று வாசிக்க வேண்டும். குடும்பத்தோடு வரலாம், வீடு அவர்களே தருவார்கள், பிடித்துப்போனால் அங்கேயே இருந்துவிடலாம். “வேகாத ஊரா?” என்று எங்கள் பெரிய டிரம்மு அடிக்கிறவர் கேட்டதும் கொட்டகையே சிரித்தது. மாஸ்டர் அட்டையைத் திருப்பி வைத்தார்.

“அந்த ஊர்ல வாசிக்கிறவுக இல்லையா? எங்களை எதுக்குக் கூப்புடுறாக?”

“அவங்களுக்கு மகாராஜா பேண்டு வேணும், மாஸ்டர்.”

“மகாராஜாவே இல்லையே.”

“அது அவங்களுக்கு எதுக்கு? பாக்க அப்படி இருந்தாப் போதும்.”

“சரி. வெள்ளாமை இல்ல, ஆறு கொளம் இல்ல. அந்த ஊர் சனம் எதை வச்சுப் பொழைக்குது?”

சென்னைக்காரர் கொஞ்சம் தயங்கிச் சொன்னார்: “சூதாட்டந்தான். சட்டமே அனுமதிச்சிருக்கு. நாடு பூராவும் இருந்து ஆட வருவாங்க. நீங்க கவலைப்படாதீங்க.”

அவர் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. அதைவிட, அவர் சொல்லி வாய் மூடுமுன் எங்கள் எல்லோருடைய பார்வையும் மாப்பிள்ளை மேல் போயிருக்கக் கூடாது.

மாஸ்டருடைய ஒரே மகளைக் கட்டியவர் மாப்பிள்ளை. செட்டில் எல்லோருக்குமே அவர் மாப்பிள்ளைதான். டிரம்பெட் வாசிப்பார். அந்த மாதிரி ஊதலை நான் அரண்மனையிலும் கேட்டதில்லை. தெருமுனையில் நின்று ஊதினால் மாடுகூட அசைபோடுவதை நிறுத்தும். ஆனால் சீட்டு என்றால் அவருக்குச் சோறு வேண்டாம், ஊர் வேண்டாம். ஒருமுறை குன்றாண்டார்கோவிலில் ஒரு கல்யாணம். அழைப்பு ஊர்வலம் புறப்பட்டுவிட்டது, டிரம்பெட் வாசிக்க இவரைக் காணோம். தேடிப் போனால் குடைவரைக் கோயிலுக்கு அப்பால் பாறை நிழலில் நாலு பேரோடு உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார். டிரம்பெட் தன் பக்கத்தில் மண்ணில் கிடப்பதைக்கூட அவர் கவனிக்கவில்லை. மாஸ்டர் அதை எடுத்து வேட்டியில் துடைத்து, தானே ஊதிக்கொண்டு ஊர்வலத்தின் முன்னால் போனார். அதற்குப் பிறகு மாப்பிள்ளை சீட்டைத் தொடவில்லை. நாங்கள் நம்பினோம். மாஸ்டர் மட்டும் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் அவர் எந்தப் பக்கம் எழுந்து போகிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

சென்னைக்காரர் முடிவுக்குத் தவணை கொடுத்துவிட்டுப் போனார். அதன்பின் கொட்டகையில் ஒத்திகை சரியாக நடக்கவில்லை. எல்லோருக்கும் போக ஆசை. எனக்கும்தான். கல்யாண மாதம் போனால் எங்களைத் தேட ஆளில்லை. என் மனைவி அரிசிக்காகத் தன் அம்மா வீட்டுக்குப் போய்ப் போய் வந்துகொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் முகத்தில் நான் அதுவரை பார்க்காத வெளிச்சம் இருந்தது. “அண்ணே, ஒரு ஊரே வெளக்கா எரியுமாம்” என்று என்னிடம் சொன்னார். மாஸ்டர் மட்டும் “யோசிப்போம்” என்பதைத் தாண்டவில்லை. செட்டில் முணுமுணுப்பு எழுந்தது. மருமகன் போய்விட்டால் மிச்சமிருக்கிற செட்டை யார் கூப்பிடுவார்கள், அதனால்தான் பெரியவர் இழுத்தடிக்கிறார் என்றார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

ஒரு நாள் மாஸ்டர் யாரிடமும் சொல்லாமல் திருச்சிக்குப் போய் ரயிலேறிவிட்டார். சென்னைக்குப் போய் விசாரிக்கத்தான். திரும்பி வந்த அன்று நாங்கள் எல்லோரும் கொட்டகையில் இருந்தோம். கசங்கிய சட்டையோடு உட்கார்ந்து, செம்பு நீரை முழுக்கக் குடித்துவிட்டுச் சொன்னார்:

“ஆள் நெசம். ஆபீசு நெசம். இதுக்கு முந்தி அவர் அனுப்புன சர்க்கஸ்காரங்க ரெண்டு பேரைப் பாத்துப் பேசினேன். சொன்னபடி நடந்துக்கிட்டாராம்.”

“அப்பப் போகலாமா மாஸ்டர்?” என்றேன்.

“ஆள் பொய்யா இருந்தா நிம்மதியா வந்திருப்பேன்” என்றார்.

இதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ‘ஏமாத்துக்காரன்’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் விஷயம் அன்றே முடிந்திருக்கும். சென்னைக்குப் போய்ச் சரிபார்க்க எங்களில் எவனுக்கும் வக்கில்லை. உலகத்தையே சந்தேகப்பட்ட அந்த மனிதர், தன் பேச்சில் யாரும் சந்தேகப்பட இடம் வைக்கவில்லை.

அப்போது அவர் மகள் டீ கொண்டுவந்தது. எங்கள் உடுப்பையெல்லாம் தைத்துத் தருவது அந்தத் தங்கச்சிதான். கொட்டகையில் வந்து பேசுகிற வழக்கம் கிடையாது. அன்று டம்ளர்களை வைத்துவிட்டு அங்கேயே நின்றது.

“அப்பா, ஒண்ணு கேக்கணும். நீங்க உங்க மருமகனை நம்பாமத் தடுக்குறீங்களா, டிரம்பெட்டு போயிரும்னு தடுக்குறீங்களா?”

நாங்கள் முதுகுக்குப் பின்னால் பேசியதை அது முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டது. மாஸ்டர் டம்ளரை எடுக்கவில்லை. “ரெண்டுந்தான்” என்றார்.

தங்கச்சி புருஷன் பக்கம் திரும்பியது. “நீங்க சொல்லுங்க. ஓட்டல்ல வாசிச்சு முடிச்சிட்டு வீட்டுக்கு வாரீங்க. வார வழியில என்ன இருக்கும்?”

மாப்பிள்ளை டிரம்பெட்டின் பித்தான்களை ஒவ்வொன்றாக அமுக்கிக்கொண்டிருந்தார். “சென்னைக்காரர்ட்ட கேட்டேன்” என்றார் கடைசியில். “ஆடுற கூடம் ஓட்டலுக்கு உள்ளயே இருக்காம். அதுக்குள்ள பூந்துதான் வெளிய வரணுமாம். தெனமும்.” பிறகு மாஸ்டரைப் பார்த்துச் சொன்னார்: “நீங்க என்னை நம்பலைங்கறது எனக்குத் தெரியும், மாமா. அதுல எனக்கு வருத்தம் இல்ல. நானும் நம்பலை. நான் போகலை.”

டிரம்பெட் இல்லாத பேண்டுக்கு அந்த ஓட்டலில் இடமில்லை. போவதாக இருந்த அத்தனை பேருக்கும் சேர்த்து அவர் சொன்ன பதில் அது. யாரும் அவரைக் கோபிக்கவில்லை. பெரிய டிரம்மு அடிக்கிறவர்தான் ஆறிப்போன டீயை முதலில் எடுத்துக் குடித்தார். மாஸ்டர் எழுந்து மருமகன் தோளைத் தொட்டுவிட்டு வீட்டுக்குள் போனார். அதன்பின் கல்யாண வீடுகளில் மாப்பிள்ளை எழுந்து போனால் மாஸ்டர் திரும்பிப் பார்த்து நான் கண்டதில்லை.

சென்னைக்காரர் வேறு சீமையிலிருந்து ஒரு செட்டைப் பிடித்து அனுப்பினார். மாஸ்டர் அறுபதுகளின் நடுவில் காலமானார். எனக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் பேண்டு சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது; செட்டை மாப்பிள்ளை நடத்தினார். இப்போது எங்கள் தெருவிலேயே வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில். போகலாமா வேண்டாமா என்று யாரும் கூடிப் பேசுவதாகத் தெரியவில்லை. மாஸ்டர் இருந்திருந்தால் அவர்களுடைய விமான டிக்கெட்டையும் வெயிலில் பிடித்துப் பார்த்திருப்பார். என் சந்தேகம் வேறு. மாப்பிள்ளை உண்மையிலேயே தன்னைக் கண்டு பயந்தாரா, அல்லது அப்பனுக்கும் புருஷனுக்கும் நடுவில் நின்ற மனைவியை அந்த இடத்திலிருந்து விடுவிக்க அப்படிச் சொன்னாரா? ஊர் விளக்காக எரியும் என்று சொன்ன முகம் எனக்கு மறக்கவில்லை. கேட்கவும் துணியவில்லை.

மாஸ்டர் போய்ச் சில வருஷம் கழித்துத் திருச்சி பஸ் ஸ்டாண்டில் ஒருவரைச் சந்தித்தேன். எங்களுக்குப் பதிலாகப் போன செட்டில் டிரம்பெட் வாசித்தவர். நல்ல உடுப்பு, கையில் கடிகாரம். ஊர் நல்ல ஊர்தான், சொன்னதெல்லாம் தந்தார்கள், வீடு கட்டிவிட்டேன் என்றார். “சீட்டு?” என்று கேட்டேன். “அங்க எல்லாரும் ஆடுவாங்க சார், அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குக் கொஞ்சம் நீளமாகப் பட்டது. பஸ் வந்துவிட்டது.

அன்று சாயங்காலமே போய் மாப்பிள்ளையிடம் சொன்னேன். வீட்டைப் பற்றியும் கடிகாரத்தைப் பற்றியும் சொன்னதை முகம் மாறாமல் கேட்டுக்கொண்டார். அன்றைக்கு ஒரு கல்யாண ஊர்வலம். உடுப்பு போட்டுத் தயாராக நின்றிருந்தார்.

“அவரு இன்னும் டிரம்பெட்டு ஊதுறாராண்ணே?” என்றார்.

“அதைக் கேக்கலையே.”

“கேட்டிருக்கலாம்” என்றார். வெளியே வண்டி காத்திருந்தது. டிரம்பெட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.