கழற்றிவைத்த நான்கு பற்கள்

ஷிபுகாவா யசுஹிகோ முப்பத்து நான்கு வருஷம் நகரப் பேருந்து ஓட்டினார். நாளொன்றுக்கு ஆயிரம் பேரிடமாவது பேசினார், யாரோடும் பேசவில்லை. "கதவு மூடுகிறது", "வண்டி குலுங்கும், பிடித்துக்கொள்ளுங்கள்", "அடுத்தது மருத்துவமனை" ஆகியவற்றுக்கு வெளியே அவர் சொன்ன எதுவும் எந்தப் பயணிக்கும் ஞாபகம் இருக்க வாய்ப்பில்லை. ஓய்வு பெற்ற அன்று பணிமனையில் பூங்கொத்தைக் கையில் கொடுத்து நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். எண்ணி நாலு வார்த்தை பேசினாராம்.

எங்கள் நடைச் சங்கத்தில் அவரைச் சேர்த்துவிட்டது மகள் அகானே. "அப்பா வீட்லயே உக்காந்திருந்தா அம்மாவுக்குத் தலைவலி வருது" என்று விண்ணப்பத்தில் எழுதாத காரணத்தை என்னிடம் வாயால் சொன்னாள். சங்கத்தில் பதினோரு பேர். மாதம் ஒரு சனிக்கிழமை, காலையில் போய் மாலையில் திரும்பிவிடுவோம். ஒரு மாதம் நகரத்துப் பூங்கா, மறுமாதம் மலை. பூங்காவுக்குப் போவது இளைப்பாற. அங்கே எள் விழ இடமில்லாத கூட்டத்தில் எல்லோரும் களைத்துப்போவோம். மலைக்குப் போவது உடம்பை வருத்த. அங்கேதான் நன்றாகத் தூக்கம் வரும்.

ஷிபுகாவாவுக்கு மலைதான் பிடிக்கும். காரணம், வணக்கம். ஊரில் பக்கத்து வீட்டுக்காரருக்கே அரைத் தலையசைப்புதான் கொடுக்கும் நாங்கள், மலைப்பாதையில் எதிரே வருகிற முன்பின் தெரியாதவருக்கெல்லாம் வாய்விட்டு வணக்கம் சொல்வோம். அதே ஆள் இறங்கியபின் ரயிலில் எதிர் இருக்கையில் உட்கார்ந்தால் இருவருமே ஜன்னலைப் பார்ப்போம். ஷிபுகாவா இந்த ஏற்பாட்டில் திளைத்தார். பேசவேண்டியது ஒரே வார்த்தை; அதற்குப் பதில் நிச்சயம் வரும்; உரையாடல் அங்கேயே முடிந்துவிடும். இதைவிட நல்ல சமூக வாழ்க்கை அவருக்கு எங்கே கிடைக்கும்?

பிப்ரவரியில் ஒரு பூங்காவில் பிளம் பூத்திருந்தது. குளிரில் பெஞ்சில் உட்கார்ந்து தெர்மாஸ் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தபோது அவராகவே வாயைத் திறந்தார்.

"மார்ச் மூணாவது ஞாயிறு, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கனசாவாலேர்ந்து வர்றாங்க. ரெண்டு குடும்பமும் சேந்து மத்தியானச் சாப்பாடு. பொண்ணோட அப்பா எழுந்திரிச்சுப் பேசணுமாம்."

"பேசுங்களேன்."

"மாப்பிள்ளையோட அப்பா தலைமையாசிரியரா இருந்தவர்" என்றார், டாக்டர் சொன்ன வியாதியின் பெயரைச் சொல்வதுபோல.

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஐந்து வருஷத்துக்கு முன் அகானேவுக்கு இதேபோல ஒரு சம்பந்தம் வந்து, இதேபோல ஒரு விருந்தும் நடந்தது. ஷிபுகாவா சூப்பிலிருந்து கடைசித் தேநீர் வரை ஒரு சொல் பேசவில்லை. பெண்ணின் அப்பாவுக்கு இஷ்டமில்லை என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு மாதத்தில் சம்பந்தம் கலைந்தது. கலைந்ததற்கு வேறு காரணங்கள் இருந்தன என்று அகானே அடித்துச் சொல்கிறாள். அவர் நம்பவில்லை. இந்தத் தடவை மூன்று பக்கம் எழுதி, காலையும் மாலையும் குளியலறையில் நின்று ஒப்பிக்க ஆரம்பித்தார்.

விருந்துக்கு முதல்நாள் சனிக்கிழமை எங்கள் மலைப் பயணம். அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். "இன்னும் ஒரு தடவை அந்தப் பேச்சைக் கேட்டா நான் கனசாவாவுக்கு ஓடிருவேன்" என்று மனைவி தமாயோவே மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டாராம்.

மலை ஐந்நூறு மீட்டர்தான். வடக்குச் சரிவில் அழுக்குப் பனி கொஞ்சம் மிச்சமிருந்தது. தெற்குச் சரிவில் சருகைத் துளைத்துக்கொண்டு மஞ்சள் பூக்கள். வசந்தத்தைக் கொண்டாடப் போகிற எல்லோரும் வசந்தத்துக்குப் பயந்து முகக்கவசம் போட்டிருந்தோம். அந்த மாதத்தில் தேவதாரு மகரந்தம் அப்படிப் பறக்கும்; பட்டால் கண்ணும் மூக்கும் ஒழுகும்.

கணவாயில் ஒரு தேநீர்க் கடை. மாசிபத்திரித் தளிரை இடித்துச் சேர்த்த பச்சை மோச்சி அங்கே பிரசித்தம். மோச்சி என்பது பசையரிசியில் செய்த நல்ல பசை. ஷிபுகாவாவின் மேல்வரிசையில் முன்பற்கள் நான்கும் கழற்றி மாட்டுகிறவை. அவர் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பல்லைக் கழற்றிக் காகிதக் கைக்குட்டையில் சுற்றிப் பெஞ்சில் வைத்துவிட்டு, மூன்று மோச்சி தின்றார். பிறகு முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டு எழுந்துவிட்டார். கவசம் இருந்ததால் வாய் காலியாக இருப்பது அவருக்கே தெரியவில்லை.

இறங்க ஆரம்பித்து அரைமணி ஆனபின், எதிரே ஒரு தம்பதி வந்தார்கள். வணக்கம் சொன்னார்கள். ஷிபுகாவா சொன்ன வணக்கத்தில், பேருந்துக் கதவு திறக்கும்போது வருமே, அந்தக் காற்றுச் சத்தம் வந்தது. அவர் நின்றுவிட்டார்.

"தொப்பிய மறந்துட்டேன்" என்றார். தொப்பி தலையில் இருந்தது.

நான் மட்டும் அவரோடு திரும்பி ஏறினேன். மற்றவர்கள் ரயிலுக்குப் போய்விட்டார்கள். வழியில் விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

கடைக்கார அம்மாள் பெருமையோடு கையை விரித்தார். "உங்க சங்கத்து ஆளுங்க மாதிரி யாரும் கெடையாது. ஒரு துணுக்குக் குப்பை விட்டுட்டுப் போகல. அந்தக் கண்ணாடி போட்ட அம்மா எல்லாத்தையும் பையில அள்ளிக்கிட்டாங்க."

மலையில் குப்பைத்தொட்டி கிடையாது. கொண்டுபோன குப்பையை வீட்டுக்குக் கொண்டுவருவது எல்லோருடைய வழக்கம். எங்கள் செயலாளர் ஹயாசே ஃபுமியே அதற்கு ஒருபடி மேலே போய், பதினோரு பேர் குப்பையையும் தானே சுமப்பவர். யாரும் கேட்டதில்லை; யாரும் தடுத்ததுமில்லை.

"அவங்களுக்கு ஃபோன் பண்றேன்" என்றேன்.

"வேண்டாம்."

"ஹயாசே-சான் யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்க."

"சொல்ல மாட்டாங்க. ஆனா அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே."

"நாளைக்கு எப்படிப் பேசுவீங்க?"

யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். பல் டாக்டர் திங்கட்கிழமைதான் திறப்பார். ரயிலில் அந்த மூன்று பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, காற்றுப் போகிற சொற்களையெல்லாம் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது பார்த்தேன். "வணக்கம்" கூட மிஞ்சவில்லை.

வீட்டில் நடந்ததைப் பிற்பாடு தமாயோ சொன்னார். மகள் பிறந்ததிலிருந்து அவர் கணவரை "அப்பா" என்றுதான் கூப்பிடுகிறார்.

"மூணு மோச்சியா, அப்பா? ஒண்ணோட நிறுத்தியிருந்தா ரெண்டு பல்லாவது மிஞ்சியிருக்கும்."

"மாஸ்க் போட்டுக்கறேன். மகரந்தம்னு சொல்லிடலாம்."

"சரி. சூப்ப எது வழியா குடிப்பீங்க?"

அவர் கோபித்துக்கொண்டு குளிக்கப் போனார். ஆறு மணிக்கு வாசல் மணி அடித்தது. ஹயாசே நின்றிருந்தார், பெரிய கடைத் தாளில் மடிப்புக் கலையாமல் சுற்றிய ஒரு பெட்டியோடு.

"சும்மா கொஞ்சம் செம்பே. ஒண்ணும் பெருசா இல்ல."

"இதெல்லாம் எதுக்கு ஹயாசே-சான்."

"இன்னிக்கே பிரிச்சிருங்க."

"ஐயோ, இவ்வளவு சிரமம் எடுத்துக்கிட்டு."

"இன்னிக்கே பிரிச்சிட்டா நல்லது" என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு, குனிந்து வணங்கிப் போய்விட்டார்.

கொடுத்தவர் முன்னால் பெட்டியைப் பிரிப்பது நாகரிகமில்லை. போனபின் பிரிப்பதற்குத் தமாயோவுக்கு மனமில்லை. செம்பே என்றால் கல்போன்ற அரிசி வறுவல். இன்றைக்கு இந்த வீட்டில் அதை யார் கடிப்பது? அதனால் அவர் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தார். நாளைக்குக் கனசாவா சம்பந்திகளுக்குக் கொடுக்க வாங்கிவைத்திருந்த இனிப்போடு இந்தப் பெட்டியையும் சேர்த்துப் பையில் போட்டுவிட்டார். தாள் நல்ல கடைத் தாள். பார்க்க லட்சணமாக இருந்தது.

ஹயாசே செய்தது இது: வீட்டுக்குப் போய் எங்கள் குப்பையைத் தரம் பிரித்திருக்கிறார். அவர் எதையும் பிரிக்காமல் எறிபவர் அல்ல. காகிதச் சுருளுக்குள் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டதும் பிரித்துப் பார்த்து, பல்லும் கம்பியும் சேர்ந்த பொருள் எரிகிற குப்பையா எரியாத குப்பையா என்று வார்டு அலுவலக அட்டவணையில் தேட ஆரம்பித்துவிட்டார். பாதிப் பக்கம் தேடியபிறகுதான் அது குப்பையே இல்லை என்பது உறைத்ததாம். யாருடையது என்பதில் சந்தேகமில்லை. முதுகைக் காட்டி மோச்சி தின்றவர் ஒருவர்தான். திருப்பிக் கொடுக்கவேண்டும், ஆனால் கொடுத்ததாகத் தெரியக்கூடாது. கழுவி, சின்ன மூடிபோட்ட டப்பாவில் வைத்து, நடுவில் புதைத்துச் சுற்றிலும் செம்பே அடுக்கினார். பல் இல்லாதவருக்கு அதைத்தானா கொடுப்பது என்று நான் கேட்டபோது, "வீட்ல அதான் இருந்துச்சு" என்றார்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, ஷிபுகாவா கோட்டும் முகக்கவசமும் அணிந்து வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். அகானே அவர் கோட்டுக் காலரைச் சரிசெய்துவிட்டாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும் என்றார் தமாயோ.

கிளம்பும் முன் தமாயோ பைக்குள் குனிந்து இரண்டு பெட்டியிலும் கெடு தேதி பார்த்தார். இனிப்பில் இருந்தது. செம்பேயில் இல்லை. மேலே, கீழே, பக்கவாட்டில், எங்குமே இல்லை. தேதி இல்லாத பண்டத்தை ஒரு தலைமையாசிரியர் வீட்டுக்குக் கொடுப்பதாவது.

"ரெண்டு நிமிஷம், உள்ள ஒட்டியிருக்கும்."

"அம்மா, ரயிலுக்கு நேரமாச்சு."

தாள் கிழியாமல் பிரித்தார். மூடியைத் திறந்தார். டப்பாவைத் திறந்தார். பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்பா. மாஸ்க்கக் கழட்டுங்க."

"எதுக்கு?"

"கழட்டுங்கன்னா கழட்டுங்க."

அந்தப் பெட்டி சம்பந்தியம்மாள் கைக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை மூவரும் ஒரே சமயத்தில் நினைத்திருக்கவேண்டும். ஓடிப்போய் ரயிலைப் பிடித்தார்களாம். அதற்குப்பின் ஒருவரை ஒருவர் பார்க்கமுடியாமல் மூன்று நிலையம் வரை சிரித்திருக்கிறார்கள், சத்தமில்லாமல்.

விருந்தில் முதலில் எழுந்தவர் மாப்பிள்ளையின் அப்பா. அவர் கையில் ஐந்து பக்கம். பருவத்தில் தொடங்கி, கனசாவாவின் பனி வழியாக, பையனின் தொடக்கப்பள்ளி மதிப்பெண்கள் வரை போனார். சூப்பில் ஆடை கட்டியது. அவர் மனைவி இரண்டு தடவை இருமிப் பார்த்தார்.

ஷிபுகாவாவின் மூன்று பக்கத்தில் அடித்தல் போக மிஞ்சியது இணைப்புச் சொற்கள்தான். அதை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துவிட்டு எழுந்து சொன்னார்:

"எனக்குப் பேச வராது. இந்தச் சம்பந்தத்துல எனக்கு ரொம்ப சந்தோஷம். அத மட்டும் தெளிவா சொல்லிடணும்னு மூணு வாரமா நெனச்சுக்கிட்டிருந்தேன். சாப்பிடலாம்."

ஒரு எழுத்துக்கூடக் காற்றுப் போகவில்லை. மேஜையில் முதலில் கரண்டியை எடுத்தது தலைமையாசிரியர்தான், அவருக்கும் பசித்திருக்கிறது. அகானே கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகரந்தம் என்றாள்.

அன்று சாயங்காலம் எனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. "பேசிவிட்டேன். மாட்டிறைச்சியைக் கடித்துச் சாப்பிட்டேன்." இரண்டாவது வாக்கியத்தைப் படித்தபிறகுதான் எனக்கு உயிர் வந்தது.